பல்லேடியம் குறித்த ஆட்சேபம்

ஏப்ரல் 7, ஞாயிறு

ஆவுடையம்மாள் கல்லூரியில் வேதியியலுக்கு ஆள் எடுக்கிறார்கள். உதவிப் பேராசிரியர், நிரந்தரப் பணி, ஒரே ஓர் இடம். முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு நேர்முகம். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது இவர் கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினார். படித்து முடிப்பதற்குள் தோசை கருகிவிட்டது. அதையும் ஒரு வார்த்தை சொல்லாமல் இவரே சாப்பிட்டார். மனிதர் எவ்வளவு ஆடிப்போயிருக்கிறார் என்று அப்போதே தெரிந்தது.

இவர், அதாவது கோமதிநாயகம், ஒரு சுயநிதிக் கல்லூரியில் மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் வாத்தியார். நான் மெட்ரிக் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே பாடம், ஒரே பட்டம். கல்யாணப் பேச்சு வந்ததே அதனால்தான். ஜாதகத்தைவிட மதிப்பெண் பட்டியல்தான் நன்றாகப் பொருந்தியது.

"நீயும் போடு செல்வி," என்றார்.

"எனக்கு எதுக்கு? ஒங்களுக்குக் கெடைச்சா போதாதா?"

"போடுட்டி. ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது வரும்லா."

போட்டேன். எனக்கு அந்த வேலைமேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. சும்மா இவருக்குத் துணைக்கு.

ஏப்ரல் 9, செவ்வாய்

பள்ளி விட்டு ஆவுடையம்மாள் கல்லூரி வழியாக வந்தேன். சுற்று வழிதான். வேதியியல் துறை மாடியில், வேப்பமரத்துப் பக்கம் இருக்கிறது. பெரிய பெரிய ஜன்னல்கள். டவுன் பஸ் வாசலிலேயே நிற்கிறது. இவருக்குப் பயன்படும் என்றுதான் எல்லாவற்றையும் பார்த்து வைத்தேன்.

ஏப்ரல் 11, வியாழன்

பாடத்தைப் பங்கு போட்டுக்கொண்டோம். எலக்ட்ரான் அமைப்பும் தனிம வரிசை அட்டவணையும் எனக்கு, மூலக்கூறு வடிவங்கள் இவருக்கு. ஆளுக்குப் பாதியை நன்றாகப் படித்து மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். யோசனை இவருடையது.

என் பாதிதான் நல்ல பாதி. அட்டவணையில் இடமிருந்து வலமாகப் போகப் போக எலக்ட்ரான்கள் கூடும், ஆனால் அணு சிறுக்கும். பள்ளியில் பிள்ளைகள் இதை நம்பவே மாட்டார்கள். "ஆளு கூடுனா வீடு எப்படி மிஸ் சின்னதாவும்?" என்பார்கள். நடுவில் இருக்கும் அணுக்கருவும் கூடவே வலுக்கிறது, எல்லாரையும் உள்ளே பிடித்து இழுக்கிறது என்று சொல்வேன். கீழே இறங்கினால் புதிதாக ஒரு கூடு சேரும், அணு பருக்கும். இவ்வளவுதான் சட்டம். ஆனால் தேர்வில் சட்டத்தைக் கேட்க மாட்டார்கள். சட்டத்தை மீறுகிறவர்களைத்தான் கேட்பார்கள்.

இவர் எலுமிச்சம்பழத்தில் ஈர்க்குச்சி குத்தி வடிவம் காட்டினார். நாலு குச்சி குத்தினால் நான்முகி, ஆறு குத்தினால் எட்டு முகமுள்ள எண்முகி. பிணைப்பில் சேராமல் தனியே நிற்கும் எலக்ட்ரான் ஜோடிக்கு மட்டும் குச்சி நுனியில் ஒரு வெங்காயம்.

"இது யார் கூடயும் சேராது. ஆனா எடத்த அடைச்சுக்கிடும். பக்கத்துல இருக்கவங்களையெல்லாம் நெருக்கும்."

"ஒங்க அம்மா மாதிரியா?" என்றேன்.

சிரித்துவிட்டார். சிரித்ததற்காகக் கொஞ்ச நேரம் வருத்தமும் பட்டார்.

செனான் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. யாரோடும் சேராத வாயு என்று பெயர் வாங்கிவிட்டு, ஃபுளூரினைக் கண்டால் இரண்டு, நான்கு, ஆறு என்று சேர்த்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். "வெரல்ல எண்ணுட்டி, தப்பே வராது," என்கிறார். நாளைக்கு எலுமிச்சைச் சாதம்.

ஏப்ரல் 16, செவ்வாய்

இன்று என் முறை. ஐந்தாம், ஆறாம் வரிசை உலோகங்கள். அங்கேதான் எலக்ட்ரான்கள் அடாவடி செய்யும். பிளாட்டினத்துக்கு ஐந்து டி-யில் ஒன்பது, ஆறு எஸ்-ஸில் ஒன்று. அதைச் சொல்லி முடிக்கவும் வாசலில் சிலிண்டர் உருளும் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. சில்லறை தேடிக்கொண்டே, "பல்லேடியமும் அதே கணக்குத்தான், நாலு டி ஒம்பது, அஞ்சு எஸ் ஒண்ணு," என்றேன். இவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"என்ன, புரிஞ்சுதா?"

"சிலிண்டர்ல வாசர் இருக்கான்னு பாத்து வாங்கு," என்றார்.

மூடிக்குள் ரப்பர் வாசர் இருந்தது. திரும்பி வந்தபோது குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 17, புதன்

மாவு ஆட்டிக்கொண்டே கனிம வேதியியல் தடிப் புத்தகத்தைப் புரட்டினேன். நேற்று உளறியிருக்கிறேன். பல்லேடியத்துக்கு நாலு டி-யில் பத்து, ஐந்து எஸ் காலி. ஐந்தாம் வரிசையில் உட்கார்ந்துகொண்டு ஐந்தாம் கூட்டில் ஓர் எலக்ட்ரான்கூட இல்லாத ஒரே தனிமம் அதுதான். எத்தனை தடவை படித்தது! பிளாட்டினத்தைச் சொன்ன வாய் அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

இவரிடம் சொல்ல வேண்டும். குளித்துக்கொண்டிருக்கிறார். நாளை சொல்கிறேன்.

ஏப்ரல் 18, வியாழன்

அத்தை போன் பண்ணினார்கள். "அவனுக்கு ஒரு வழி பொறந்துட்டுன்னா நீ நிம்மதியா வீட்டுல இருக்கலாம்லா தாயி. எதுக்குக் கெடந்து அலையுத?" நான் அலைகிறேனாம். சரி அத்தை, சரி அத்தை என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த எரிச்சலில் பல்லேடியம் மறந்துபோயிற்று.

ஏப்ரல் 22, திங்கள்

இன்னும் சொல்லவில்லை. எத்தனையோ தனிமங்கள் இருக்க, பல்லேடியத்திலிருந்தா கேட்டுவிடப் போகிறார்கள்!

ஏப்ரல் 25, வியாழன்

பழுப்புக் கைத்தறிச் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்தேன். நாளைக்கே பேராசிரியர் மனைவி என்று நாலு பேர் சொன்னால் பார்க்க நன்றாக இருக்க வேண்டாமா?

காபி குடிக்கும்போது இவர் கேட்டார். "நாம படிச்சதுல எதாவது விட்டுப்போச்சா? எதாவது திருத்தணுமா?"

"ஒண்ணும் இல்லியே. ஒங்க பக்கம்?"

"எம் பக்கமும் ஒண்ணும் இல்ல."

இரண்டு பேருமே காபியை ஆற்றிக்கொண்டிருந்தோம். அது ஏற்கெனவே ஆறித்தான் இருந்தது.

ஏப்ரல் 28, ஞாயிறு

தேர்வு முடிந்தது.

வந்துவிட்டது. பல்லேடியத்தின் எலக்ட்ரான் அமைப்பு எது? பி-யில் நான் உளறிய விடை, சி-யில் சரியான விடை. கேள்வியை இரண்டு தடவை படித்தேன். இவர் எனக்கு முன் வரிசையில் இருந்தார். பிடரியைச் சொறிந்துகொண்டிருந்தார். பாவம், என்னை நம்பி பி-யைக் கருப்பாக்கியிருப்பார். நான் சி-யை நிரப்பினேன்.

எழுதி முடித்த தேர்வைப் பற்றி முடிவு வரும்வரை பேசக்கூடாது என்பது இவர் போட்ட சட்டம். பேசினால் கிடைக்கிறதும் கிடைக்காதாம். வழக்கமாக அதை நான்தான் மீறுவேன். இன்று பரோட்டாக் கடையில் உட்கார்ந்து சால்னாவில் உப்பு கூட என்பதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தோம்.

மே 2, வியாழன்

துவைத்த போர்வைகளையே மறுபடி துவைத்தேன். டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்தேன். "ஒனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறவர், தான் மட்டும் ஓடாத ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டி, மறுபடி கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார்.

மே 6, திங்கள்

விடைக்குறிப்பு வெளியிட்டார்கள். பல்லேடியத்துக்கு பி என்று போட்டிருக்கிறார்கள்!

"தப்பு!" என்று சமையலறையில் நின்று கத்திவிட்டேன். நல்லவேளை, இவர் கைபேசியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போயிருந்தார். எவன் தயாரித்த குறிப்போ, அவனுக்கும் சிலிண்டர் வந்திருக்கும்.

பிறகுதான் உறைத்தது. நான் இவருக்குச் சொல்லிக்கொடுத்த தப்பு, இப்போது சரி ஆகிவிட்டது. இவருக்கு மதிப்பெண் வரும், எனக்கு வராது. ஓர் இடத்துக்கு நடக்கிற போட்டியில் ஒரு மதிப்பெண் என்றால் சும்மாவா?

வியாழன் மாலைக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாமாம். பாடப்புத்தகப் பக்கத்தை நகல் எடுத்து இணைக்க வேண்டும். யார் யார் எந்தக் கேள்விக்கு ஆட்சேபம் தெரிவித்தார்கள் என்று பெயரோடு வெளியிடுவார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பெயரைப் பார்த்ததும் இவர் கேட்பார்: ஒனக்கு இது எப்பம் தெரியும் செல்வி? பரீட்சைக்கு முன்னயா, பின்னயா?

இவர் திரும்பி வந்தார். எவ்வளவு தேறும் என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

மே 7, செவ்வாய்

புத்தகத்தை அலமாரியில் காணோம். தேடினால், இவருடைய பைக்குள் இருக்கிறது. நடுவில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருக்கிறார். திறந்து பார்த்தேன். பல்லேடியம் இருக்கும் அதே பக்கம்.

ஆக, குறிப்பு தப்பு என்று கண்டுபிடித்துவிட்டார். நான் பார்த்துவிடக் கூடாது என்று புத்தகத்தை ஒளித்தும் வைத்துவிட்டார். என்ன மனிதர் இவர்! வந்ததும் ரசத்தைச் சாக்காக வைத்துச் சண்டை போட்டேன். ரசம் வைத்தது நான்தான்.

மே 8, புதன்

யாரும் படிக்காத நோட்டில்கூடப் பொய் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அந்த வேலை வேண்டும். அந்த ஜன்னல் பக்கம் நின்று நான் வகுப்பு எடுக்க வேண்டும். சேலை எனக்காகத்தான். பல்லேடியத்தை ஒரு நாளும் மறக்கவில்லை. இவர் குளித்து முடித்து வெளியே வந்தார், சாப்பிட்டார், பேசினார், சிரித்தார். அத்தனை நேரமும் அது என் நாக்கு நுனியில்தான் இருந்தது.

மே 9, வியாழன்

கடைசி நாள். மதியமே இவர் வந்துவிட்டார், நான் பள்ளியில் கோடைச் சிறப்பு வகுப்புக்கு லீவு போட்டிருந்தேன். ஏன் சீக்கிரம் என்று நான் கேட்கவில்லை, ஏன் லீவு என்று அவர் கேட்கவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசைமேல் டொம்மென்று போட்டேன்.

"இத எதுக்கு ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒளிக்கலட்டி. நோட்ஸ் எடுக்கக் கொண்டுபோனேன்."

இனிமேல் தாங்காது என்று ஆகிவிட்டது. ஒரே மூச்சில் கொட்டினேன். "பல்லேடியம் நாலு டி பத்து. நான் ஒங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். மறுநாளே தெரிஞ்சுட்டு. சொல்லல. மறந்தெல்லாம் போகல, வேணும்னுதான் சொல்லல."

இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன்.

"அப்பம் நீ என்ன போட்ட?"

"சி."

"சி-யா?"

"ஆமா. சரியான விடைய. ஒங்கள மட்டும் பி போட விட்டேன்."

"நானும் சி-தான் போட்டேன்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "நாந்தான் ஒங்களுக்கு பி-ன்னு சொல்லிக் குடுத்தேனே?"

"நீ சொல்லும்போதே தப்புன்னு தெரியும் செல்வி."

அன்றைக்குத் தலையைத் தூக்கிப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. சிலிண்டரும் வாசரும் ஞாபகம் வந்தன.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"வாய் வரைக்கும் வந்துச்சு. ஒரே ஒரு எடம்தானேன்னு நெனச்சேன். வாசரப் பாருன்னுட்டேன்." மேசையைப் பார்த்துத்தான் பேசினார். "ஆன்சர் கீ-ல பி வந்ததும், ஒனக்கு மார்க்கு வந்திருக்கும், எனக்குப் போயிருக்கும்னு நெனச்சேன். ஆட்சேபம் போட்டா நீ கேப்பேல்லா, எப்பம் தெரியும்னு. புஸ்தகத்தத் தூக்கிக்கிட்டு ஜெராக்ஸ் கடை வரைக்கும் போவேன், திரும்பி வந்துருவேன்."

நான் என்ன செய்தேனோ அதையேதான் இவரும் செய்திருக்கிறார். நியாயமாக எனக்குக் கோபமே வரக்கூடாது. ஆனால் வந்த கோபத்தில் கண்ணே தெரியவில்லை.

"கட்டுன பொண்டாட்டி தப்பா எழுதட்டும்னு பாத்துக்கிட்டு இருந்தீங்களே, நீங்கள்லாம் ஒரு மனுசனா?"

"நீ மட்டும் என்னட்டி செஞ்ச?"

"நான் அதுக்காக அழுதேன்!"

"நான் மட்டும் சிரிச்சேனா?"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். தாழ்த்திக்கொண்டு சண்டை போடுவது கஷ்டம். அதனால் நின்றுபோயிற்று.

நேரம் ஆகிக்கொண்டிருந்தது. பக்கத்தைப் படம் பிடித்து, முதலில் இவர் பெயரில் ஏற்றினோம், பிறகு என் பெயரில். விலாசம் இரண்டுக்கும் ஒன்றே. அதைப் பார்க்கிறவர்கள், என்ன ஒற்றுமையான புருஷன் பெண்டாட்டி என்று நினைத்திருப்பார்கள்.

மே 12, ஞாயிறு

பேசிக்கொள்ளவில்லை. சோறு மட்டும் பொங்கினேன், தொட்டுக்கொள்ள ஊறுகாய்.

மே 20, திங்கள்

ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டார்கள். நேர்முகத் தேர்வுக்கு மூன்று பேர். நான், இவர், அருப்புக்கோட்டையிலிருந்து ஒருவர். அத்தையிடம் இவர்தான் சொன்னார். "ரெண்டு பேருமா?" என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே கேட்டது. "ஆமாம்மா. அவ என்னவிட நல்லா எழுதியிருப்பா," என்றார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அதனால் கண்ணைத் துடைத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மே 23, வியாழன்

இவர் முன்னறையில் படிக்கிறார், நான் அடுக்களையில். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது நின்றுபோய்விட்டது. இனி அவர் எதைச் சொன்னாலும் நான் புத்தகத்தைப் பார்ப்பேன், நான் சொன்னால் அவர் பார்ப்பார். சண்டையெல்லாம் ஆறிவிட்டது. இதுதான் ஆறவில்லை. நாலு வருடமாக இவர் உப்பு சரி என்றால் நான் ருசி பார்க்காமலே இறக்குவேன். நேற்று ருசி பார்த்தேன். பார்த்ததை இவரும் பார்த்தார்.

எலுமிச்சம்பழம் இரண்டு நாளாக மேசைமேலேயே கிடக்கிறது. செனானைக் கேட்கலாம் என்று எழுந்து போனேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 27, திங்கள்

பழுப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்ததும் இவர் பார்த்தார். "இதுக்கு ஃபால்ஸ் அடிச்ச அன்னைக்கே தெரியும், எதுக்குன்னு," என்றார். "நல்லாத்தான் இருக்கு."

வேப்பமரத்துப் பக்கத்து மாடித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். இங்கிலீஷ் அகரவரிசைப்படி அழைத்தார்கள். அருப்புக்கோட்டைக்காரர் போய்விட்டு வந்து ஒருவரையும் பார்க்காமல் படி இறங்கினார். அடுத்து இவர், கடைசியில் நான். இவர் உள்ளே இருந்த நேரம் முழுதும் சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன். இவருக்கு நன்றாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ரொம்ப நன்றாக நடந்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டும் ஒரே சாமியிடம்.

கதவு திறந்தது. வெளியே வந்தவர் உட்காரவில்லை. பியூன் என் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது, என் பக்கம் குனிந்து கடகடவென்று சொன்னார்.

"நடுவுல இருக்க ஆளு எழுதி வச்சதப் பாத்துத்தான் கேக்காரு, எல்லாருக்கும் ஒரே கேள்வி போல. செனான் ஹெக்சாஃபுளூரைடு என்ன வடிவம்னு கேப்பாரு. எண்முகின்னு சொல்லிராத. சிதைஞ்ச எண்முகி. தனி ஜோடி ஒண்ணு இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. ஆறு ஃபுளூரின் என்றால் ஆறு குச்சி. ஆறு குச்சி என்றால் எண்முகிதானே? இவரேதானே எலுமிச்சம்பழத்தில் காட்டினார்? நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தேன். நான் எதைத் தேடுகிறேன் என்று தெரிந்துகொண்டவர் மாதிரி, முகத்தைத் திருப்பாமல் நின்றார்.

பியூன் கூப்பிட்டார். "முத்துச்செல்வி."

நடந்துகொண்டே முந்தானைக்குள் விரலை மடக்க ஆரம்பித்தேன். செனானுக்கு எட்டு எலக்ட்ரான், ஃபுளூரினோடு சேர்ந்தது ஆறு... கதவுக்கும் எனக்கும் இன்னும் கொஞ்சம் தூரம் இருந்தது. எண்ணி முடிக்க நேரம் இருந்தது. கையை விரித்துவிட்டேன். எண்ணாமலே உள்ளே போனேன்.

அட்டவணையில் கேட்டார்கள், சொன்னேன். பிறகு நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு செனானைக் கேட்டார்.

"சிதைந்த எண்முகி," என்றேன்.

"காரணம்?"

"ஒரு தனித்த ஜோடி இருக்கு சார். அது யாரோடயும் சேராது. ஆனா இடத்த அடைச்சுக்கிட்டு மத்தவங்கள நெருக்கும்."

தலையாட்டினார். பக்கத்திலிருந்த அம்மா எதையோ குறித்துக்கொண்டார்கள். அவர்கள் வேறு என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பது பாதி நினைவில் இல்லை.

வெளியே வந்தால் இவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"நீங்க சொன்னதத்தான்."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கீழே பார்த்தபடியே கேட்டார். "எண்ணிப் பாத்துட்டுத்தானே சொன்ன?"

"இல்ல," என்றேன்.

இவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடம் யாருக்கு என்று அடுத்த வாரம்தான் தெரியும். பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

ராத்திரிக்கு ரசம் வைத்தேன். உப்பு பார்க்கச் சொல்லி இவரைக் கூப்பிட்டேன். சரி என்றார். இறக்கி வைத்தேன்.